மாவுக்கா, ஏக்கருக்கா?

"இருங்க சார், கையெழுத்துப் போட்டுடாதீங்க!" மூச்சிரைக்க ஓடி வந்தாள் இசைவாணி.

விதைச் சான்று வாரியத்தின் கட்டணங்களை மறுஆய்வு செய்ய, சென்னை கம்பெனி ஒன்றை நியமிக்கப் பேனாவைத் திறந்திருந்தார் புது இயக்குநர் மனோகரன்.

"நானும் கன்சல்டன்ட்தாங்க. ஒரு நிமிஷம் கொடுங்க."

"சொல்லும்மா."

"ஏக்கருக்குன்னு வாங்க வேண்டிய கட்டணம், உங்க பட்டியல்ல மாவுக்குன்னு இருக்கு. மூணு மா சேர்ந்தாத்தானே ஒரு ஏக்கர்? விவசாயிங்க மூணு மடங்கு கட்டிக்கிட்டிருக்காங்க சார்!"

மனோகரன் துள்ளி எழுந்தார்.

"அடேயப்பா! சென்னைக்காரங்க பட்டியலைப் படிக்கவே மூணு மாசம் கேட்டாங்க. இந்த வேலை உங்களுக்குத்தான்! ஆமா, இப்படியொரு பட்டியலைப் போட்டுக் கொடுத்த புண்ணியவான் யாரும்மா?"

இசைவாணி குரலைத் தாழ்த்தினாள்.

"போன தடவை வாரியம் வெச்ச கன்சல்டன்ட்... நான்தாங்க சார். நேத்துதான் எனக்கே தெரிஞ்சுது!"