மில் இரைச்சலில் பேசியவர்கள்

பதினோரு வருஷம் எதிரெதிர் மெஷினில் நின்றும் சென்னியப்பன் மாராத்தாளின் குரலைக் கேட்டதில்லை. பஞ்சு மில் இரைச்சலில் எல்லோருக்கும் உதட்டசைவுதான் பேச்சு. "என்னயக் கட்டிக்கிறயா?" என்று அவன் கேட்டதும் உதட்டால்தான். அவள் பதில் சொல்ல வாயெடுத்த நொடியில் மெஷின்கள் நின்றன. அன்றோடு மில்லை மூடிவிட்டார்கள். திடீரென்று விழுந்த அமைதியில் எல்லோரும் நிமிர்ந்து பார்க்க, அவள் வாயை மூடிக்கொண்டாள்.

வெளியூரில் தனிக்கட்டையாக இருபது வருஷம் கழித்துவிட்டு, மில்லை இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்தான். வேடிக்கை பார்க்கும் கூட்டத்தில் அவள் நின்றிருந்தாள்.

"தலையெல்லாம் பஞ்சு. இன்னும் ஷிப்ட்டு முடியலீங்களா?" என்றாள். கட்டைக் குரல். யாரோ பேசுவது போலிருந்தது.

"அன்னிக்கு ஒண்ணு கேட்டனே..."

"இங்கயா? ஊரே காதைத் தீட்டிட்டு நிக்குதுங்க."

அரசமரம் முளைத்திருந்த சுவரில் இடிக்கும் வண்டி மோதியது. கூட்டம் காதைப் பொத்திக்கொண்டது. மாராத்தாள் நாலு எட்டு தள்ளிப் போனாள். முந்தானையால் வாயோரத்துப் புழுதியைத் துடைத்துவிட்டு, உதடு அவனுக்கு நன்றாகத் தெரியும்படி வெயில் பக்கமாக முகத்தைத் திருப்பினாள்.