நான் பார்த்துக்கொள்கிறேன்

"மணிய இப்பவே ஒரு தடவை அடிக்க விட்டுப் பாத்துடுவோம் சார்" என்றாள்.

மடிக்கணினித் திரையில் கட்டம் கட்டமாக உட்கார்ந்திருந்த முகங்கள் நிமிர்ந்து பார்த்தன.

கூட்டம் ஆரம்பித்ததிலிருந்து மேலாளர் சுற்றி வளைத்துச் சொல்லிக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்றுதான். வீட்டில் உடம்புக்கு முடியாதவரை வைத்துக்கொண்டு உனக்கு எதற்கம்மா இந்தத் தலைவலி, குழுப் பொறுப்பைத் தாடிக்காரரிடம் கொடுத்துவிடு. அவளோடு வேலை பார்க்கும் தாடிக்காரர் ஒப்புக்குக்கூட வேண்டாமென்று சொல்லவில்லை.

விஷயம் இதுதான். பள்ளிப் பேருந்து எங்கே வருகிறது என்று பெற்றோருக்குக் காட்டும் செயலி, நேற்று விடிகாலையில் படுத்துவிட்டது. உடனே அபாய மணி அவளுடைய செல்பேசிக்கு வந்தது. மணி அடித்தால் எழுந்து பழுதைப் பார்க்க இந்த வாரம் அவள் முறை.

மணியோடு திரையில் ஒரு பச்சைப் பொத்தான் வரும். 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று அதில் எழுதியிருக்கும். அமுக்கினால் ஆள் எழுந்துவிட்டதாகக் கணக்கு. அமுக்காவிட்டால் மணி அடுத்து தாடிக்காரரை எழுப்பும், அவரும் அசையாவிட்டால் மேலாளரை. யாரையாவது உலுக்கி எழுப்பாமல் ஓயாது. எல்லாரோடும் மல்லுக்கட்டி இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவளே அவள்தான்.

கடைசியில் அது அவள் காலையே வாரிவிட்டது.

பொத்தான் அமுக்கப்பட்டிருந்தது. ஆனால் யாரும் எதையும் பார்த்துக்கொள்ளவில்லை. எந்த வண்டி எப்போது வருமென்று தெரியாமல் பிள்ளைகள் தெருமுனைகளில் மழையில் நனைந்தார்கள்.

அமுக்கிவிட்டு மறுபடி தூங்கிவிட்டாள் என்று எல்லாரும் முடிவுகட்டிவிட்டார்கள். நான் அமுக்கவே இல்லை, மணிச் சத்தமே கேட்கவில்லை என்று அவள் தலைதலையாக அடித்துக்கொண்டாள். பாவம், அசதியில் மறந்திருக்கும் என்று பரிதாபப்பட்டார்கள். அந்தப் பரிதாபத்தில்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இப்படிப்பட்ட கூட்டங்களில் 'யார்' என்று கேட்கக்கூடாது. 'ஏன்' என்றுதான் கேட்கவேண்டும், அடிவரைக்கும் கேட்டுக்கொண்டே போகவேண்டும். அதுவும் அவள் கொண்டுவந்த வழக்கம்தான்.

சரி, கேட்டுவிடுவோம். இன்றைக்கு விடுவதாக இல்லை.

செல்பேசியை நேற்று இருந்த இடத்திலேயே, மாமியாரின் கட்டிலோர முக்காலியில், கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். அத்தைக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆனதிலிருந்து ராத்திரியில் அவளுக்கும் படுக்கை அந்த அறையில்தான். பகலில் வேலை கூடத்தில். அத்தை கூப்பிட்டால் கேட்கவேண்டும் என்று அதே முக்காலியில் ஓர் அழைப்புப் பொத்தானை வைத்து, அதன் மணியைக் கூடத்தில் தன் தலைக்கு மேலே மாட்டியிருந்தாள்.

ஆரம்பத்தில் நாளெல்லாம் அடித்துக்கொண்டிருந்த அந்த மணி ஒரு வாரமாக வாயே திறக்கவில்லை. அம்மா தேறிட்டாங்க என்று வெளியூரில் வேலை பார்க்கும் கணவனிடம் பெருமையாகச் சொல்லியும் ஆயிற்று.

மேலாளர் சோதனை மணியை அனுப்பினார். அவள் இரண்டு கைகளையும் கேமராவுக்குத் தெரியும்படி மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டாள்.

உள்ளே செல்பேசி அலறியது. ஒரே ஒரு அலறல். அவ்வளவுதான், நின்றுவிட்டது.

திரையில் அவள் பெயருக்கு நேரே பச்சை விழுந்தது. நான் பார்த்துக்கொள்கிறேன்.

தாடிக்காரர் தாடியைத் தடவுவதை நிறுத்தினார். மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, மேசைமேல் இருந்த அவள் கைகளையே பார்த்தார்.

ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து உள்ளே போனாள்.

அத்தை செல்பேசியை மடியில் வைத்துக்கொண்டு, பெரிய உபகாரம் செய்த முகத்தோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"நேத்தும் இப்படித்தான் கத்துச்சு. 'நான் பார்த்துக்கொள்கிறேன்'னு போட்டிருந்துச்சா, அமுக்கினேன், வாய மூடிக்கிச்சு. அசந்து தூங்கிட்டிருந்தே, எழுப்ப மனசு வரல."

அவளுக்கு ஆத்திரமும் வந்தது, சிரிப்பும் வந்தது. அப்பாடா, ஜெயித்தாயிற்று. கூடத்துக்குப் போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அத்தனை பேர் வாயும் அடைத்துவிடும். இனி பொத்தானை அமுக்கினால் மட்டும் போதாது, கூடவே எதையாவது தட்டச்சு செய்யவும் வேண்டும் என்று மாற்றிவிடலாம். பொறுப்பு அவளிடமேதான் இருக்கும்.

இரண்டடி நடந்தவள் வாசலில் நின்றுவிட்டாள்.

பக்கத்திலேயே படுத்திருந்தும் அவளுக்கு நேற்று சத்தம் கேட்கவில்லை. மணி முழுசாக ஒரு தடவை அடிப்பதற்குள் அத்தை கையை நீட்டி அமுக்கியிருக்கிறார். அப்படியானால் அதற்கு முன்பே விழித்திருக்கிறார்.

தூக்க மாத்திரை போட்டுக்கொள்கிறவர். அந்த நேரத்தில் ஏன் விழித்திருந்தார்?

திரும்பி வந்து முக்காலியில் இருந்த அழைப்புப் பொத்தானை எடுத்து அமுக்கினாள். கூடத்தில் சத்தமே இல்லை. மறுபடியும் அமுக்கினாள்.

பின்மூடியைத் தள்ளித் திறந்தாள். உள்ளே பேட்டரி இல்லை.

அத்தை முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். தெரியாமல் கை பட்டுக் கை பட்டு அடித்துவிடுகிறது, வேலை நேரத்தில் உனக்கு எதற்குத் தொந்தரவு, அதான் கழற்றிவைத்தேன் என்று முணுமுணுத்தார். ஒரு கை நெஞ்சோடு சேலையைச் சேர்த்துப் பிடித்திருந்தது.

கூடத்திலிருந்து தாடிக்காரரின் குரல், யாரென்று தெரிந்துவிட்டதா என்று கேட்டது.

அவள் கட்டிலில் உட்கார்ந்து அத்தையின் அந்தக் கையை மெதுவாகத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டாள்.

"எத்தனை நாளா வலிக்குது, அத்தை?"