இன்னொரு தடவை

“இன்னொரு தடவை சொல்லுங்க சார்.”

நரிக்குறவர்களின் வாக்ரி மொழியைத் தமிழ் பேசுகிறவர்கள் எப்படி உச்சரிக்கிறார்கள் என்று ஆராய, ரெக்கார்டரோடு ஆலங்குடிக்கு வந்திருந்தாள் வனிதா. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் அருள்மணி, “எந்தப் பாஷையும் என் நாக்குக்கு அடங்கும்” என்று மார்தட்டிக்கொண்டுதான் மைக் முன்னால் உட்கார்ந்தார். ஒரே ஒரு சொல். அரை மணி நேரமாக அது அவர் வாயில் படாதபாடு பட்டது. டியூஷனுக்கு வந்த பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“எழுத்தோட மூச்சு சேரல சார். இன்னொரு தடவை.”

வேர்த்து வழிய மறுபடியும் சொன்னார்.

“நாப்பது ஆச்சு” என்றாள் வனிதா.

“ஒரு வார்த்தைக்கு இத்தனை தடவையாம்மா?”

“ஆராய்ச்சிக்கு மொதத் தடவையே போதும் சார். அதோட ரெக்கார்டர நிறுத்திட்டேன்.”

“அப்ப மத்த முப்பத்தொம்பது?”

“ஆறாங்கிளாஸ்ல எனக்கு ‘பழம்’ சொல்ல வரலன்னு பெஞ்சு மேல ஏத்தி, கிளாஸே சிரிக்கச் சிரிக்க நாப்பது தடவை சொல்ல வச்சீங்களே சார். எங்க வீட்டுல வாக்ரிதான் பேசுவோம்.”

பிள்ளைகளின் சிரிப்பு இன்னும் ஓயவில்லை.

வனிதா நாற்காலியை விட்டு எழவே இல்லை.

“ஆராய்ச்சிக்குச் சொன்னது இந்தக் கணக்குல சேராது. நாப்பதுக்கு இன்னும் ஒண்ணு கொறையுது. சொல்லுங்க சார்.”