விட்டுக்கொடுக்காத ஆட்டம்

போனைப் பைக்குள் போட்டுவிட்டு, குளியலறைக் குழாயைத் திறந்து முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டாள் அக்கா.

ஆஸ்பத்திரியிலிருந்து பேசிய நர்ஸ் பொறுமையாகத்தான் சொன்னாள். ஆனால் தலை நரைக்கிற வயதுவரை மருந்துக்கடையில் வேலை பார்த்தவளுக்குப் பாதி வாக்கியத்திலேயே மீதியும் விளங்கிவிட்டது.

தம்பியின் கழுத்திலிருந்து எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிய கட்டி, நல்ல கட்டி இல்லை.

“அக்கா, என்ன அங்கேயே குடியிருக்கப் போறியா? ரவுண்டு ஆரம்பிக்கணும்!” கூடத்திலிருந்து தம்பி கத்தினான்.

இன்றைக்குச் சொல்லக்கூடாது என்று முடிவுசெய்தாள். அவன் மனைவி பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தாள்; தும்மினாலே பதறுகிற பெண். நாளைக்கு இருவரையும் கூட்டிக்கொண்டு போய் டாக்டர் எதிரிலேயே உட்கார வைத்துவிடலாம். அதுவரை வாயைக் கட்ட வேண்டும்.

வாயைக் கட்டிவிடலாம். கையைத்தான் என்ன செய்வது?

அந்தக் குண்டு விளையாட்டு அப்படிப்பட்டது.

பார்த்தால் ஒன்றுமே இல்லை. டிவியில் செங்கல் அடுக்கிய ஒரு கட்டம், ஆளுக்கொரு குட்டிப் பொம்மை. குண்டை வைத்துவிட்டு ஓட வேண்டும். வெடித்தால் நெருப்பு நாலு பக்கமும் நீளும். செங்கல் உடைந்து வழி பிறக்கும். அந்த வழியாகவே எதிராளியும் வந்து நிற்பான். தான் வைத்த குண்டிலேயே மாட்டிச் சாகிறவர்கள்தான் அதிகம்.

எல்லோரும் ஒரே திரையில். ஒளிந்துகொள்ள இடம் கிடையாது. தோள் இடிக்க உட்கார்ந்திருப்பவனைத்தான் மூலையில் மடக்கிக் கொல்ல வேண்டும். அவன் அலறுவது காதுக்குள்ளேயே கேட்கும். ருசியே அதில்தான். எத்தனையோ புது விளையாட்டுகள் வந்தும், அக்காவும் தம்பியும் சேர்ந்து உட்கார்ந்தால் இதைத்தான் போட்டார்கள்.

அக்காவிடம் தயவு தாட்சண்யம் கிடையாது. அவனுக்குக் காய்ச்சல் கொதித்தபோதும் கொளுத்தியிருக்கிறாள். கல்யாணத்தன்று காலையில், மாப்பிள்ளை உடையோடு வந்து உட்கார்ந்தவனையும் கொளுத்தியிருக்கிறாள்.

இன்றைக்கு விட்டுவைத்தால் போச்சு. அந்த நிமிஷமே கண்டுபிடித்துவிடுவான்.

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் அவனுக்கும் அவன் மனைவிக்கும் நடுவே உட்கார்ந்தாள். கன்ட்ரோலரைக் கையில் எடுத்தாள்.

தம்பிக்கு வெள்ளைப் பொம்மை. அவளுக்குக் கறுப்பு. தம்பி மனைவிக்குச் சிவப்பு.

சிவப்பு வழக்கம்போல் முதலில் போய்ச் சேர்ந்தது. “ஐயோ அண்ணி, நானே வெச்ச குண்டு!” என்று தலையில் அடித்துக்கொண்டு, தேநீர் போட எழுந்து போனாள் தம்பி மனைவி.

இருவர் மட்டும் மிஞ்சினார்கள்.

நேரம் தீரத் தீர, ஓரங்களில் சுவர்க்கற்கள் ஒவ்வொன்றாக மேலிருந்து விழுந்து கட்டத்தைச் சுருக்கின. இசை வேகமெடுத்தது.

வெள்ளைப் பொம்மை ஒரு முட்டுச் சந்துக்குள் நுழைந்தது.

இப்படி வசமாக மாட்டினால் மற்ற நாளில் அவள் கொக்கரித்திருப்பாள். இன்று கட்டைவிரல் பொத்தான் மேலேயே மரத்துக் கிடந்தது. அமுக்கு, அமுக்கு என்று தன்னைத்தானே அதட்டிக்கொண்டாள். தாமதிக்கிற ஒவ்வொரு நொடியும் அவனிடம் சொல்லிக்கொடுப்பது போல்தான்.

அமுக்கினாள். சந்தின் வாயில் குண்டு உட்கார்ந்தது.

“நீ செத்தேடா!” என்று கத்தினாள். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டதோ?

வெள்ளைப் பொம்மை நகரவில்லை.

அதன் காலில் சப்பாத்து இருந்ததை அப்போதுதான் கவனித்தாள். செங்கல்லுக்குள்ளிருந்து சப்பாத்து கிடைத்தவன் குண்டை உதைத்துத் தள்ளலாம். ஒரே ஒரு பொத்தான். அவள் குண்டு அவள் மேலேயே வந்து விழுந்திருக்கும். அவனா அதை மறப்பான்?

திரும்பிப் பார்த்தாள். அவன் கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

குண்டு வெடித்தது. வெள்ளை மறைந்தது.

“எனக்குக் காலையிலேயே போன் பண்ணிட்டாங்கக்கா,” என்றான், அடுப்படிக்குக் கேட்காத குரலில். “என் வாயால உங்கிட்ட சொல்ல வரல. நீங்களே அக்காவுக்குச் சொல்லிடுங்கன்னு நான்தான் நம்பர் கொடுத்தேன்.”

அவள் அடுப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

“இனிமே எல்லாரும் எனக்கு விட்டுக்கொடுத்துக்கிட்டே இருப்பாங்க. இவளும் அப்படித்தான். நீ மட்டும் மாறாம இருப்பியான்னு பார்த்தேன். விட்டுருவியோன்னு எவ்வளவு பயந்தேன் தெரியுமா?” சிரிக்கப் பார்த்தான். “கொன்னுட்டே. நல்லவேளை.”

அடுப்படியில் தம்ளர்கள் மோதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. அவன் அவசரமாக முகத்தைத் தோளில் தேய்த்துக்கொண்டான்.

விஷயத்தை மறைக்கத்தான் கொன்றேன் என்று எப்படிச் சொல்வாள்? சொல்லவில்லை. அவன் மடியில் கிடந்த கன்ட்ரோலரை எடுத்து, விரல்களைப் பிரித்து, கையில் திணித்தாள். அடுத்த ரவுண்டைத் தட்டினாள்.

“இந்தத் தடவை நிக்காதடா,” என்றாள். “ஓடு.”

அவன் ஓடினான்.