நான் இருக்கிறன்தானே

"இஞ்சாருங்கோ, நானும் இங்கிலீஷ் வகுப்புக்குப் போகட்டே?"

"நான் இருக்கிறன்தானே. உனக்கேன் அந்தக் கரைச்சல்?"

கனடாவில் மொன்றியலுக்கு வந்த புதிதில் சிவமலர் கேட்டதும் தான் சொன்ன பதிலும் பேரின்பநாதனுக்கு இன்றைக்கும் சொல் பிசகாமல் நினைவிருந்தது. அன்று சிரித்துவிட்டுக் குசினிக்குள் சமைக்கப் போனவள், பிறகு கேட்கவேயில்லை. பிள்ளைகள் இல்லாத வீடு. வங்கியோ, வைத்தியரோ, வரிக் கந்தோரோ, எங்கே போனாலும் அவளுடைய வாய் அவர்தான்.

அப்படி இருந்தவள், அறுபது வயது கடந்த பிறகு, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வகுப்புக்குப் போகிறாள். அதுவும் சீனாக்காரருக்கென்று நடக்கும் வகுப்பு. பக்கத்து வீட்டு லின் தன் ஊர்ச் சனத்துக்கு நடத்துகிறாள். இவள் ஒருத்திதான் அதற்குள் தமிழ்.

"இதென்ன, கோழி கிளறின மாதிரி?" மேசையில் கிடந்த தாளைத் தூக்கிப் பிடித்தார். நடுவில் 'வோன்ட்' (want) என்று ஒற்றை ஆங்கிலச் சொல். சுற்றிவர முழுக்கச் சீன எழுத்து.

"எங்கட தமிழ் எழுத்தைப் பாத்து லின் 'ஜிலேபியோ' எண்டு கேட்டவ. அதை வைச்சிட்டுச் சப்பாத்தைப் போடுங்கோ. டொக்டரிட்டப் போக நேரமாகுது."

"ஒரு சொல்லுக்கு ஒரு முழுத் தாளோ?"

"அவையின்ர பாஷையில ஆசைக்கும் தேவைக்கும் ஒரே சொல்லாம். எங்கட 'வேணும்' மாதிரி. அதால நானும் அவையும் ஒரே பிழையைத்தான் விடுறம்." சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது. "கடையில போய் 'வோன்ட்' எண்டு நேரா கேட்டால் அதட்டுற மாதிரியாம். பணிவாக் கேக்க வேற விதம் இருக்காம்."

"பெரிய கண்டுபிடிப்பு. இந்த ஊரில படிக்கிறதெண்டால் பிரெஞ்சைப் படிக்கவேணும். இல்லாட்டி எங்கட குணரத்தினத்தின்ர மகள் கோயில் மண்டபத்தில தமிழிலயே விளங்கப்படுத்திச் சொல்லிக் குடுக்கிறாள். அங்க போறதுக்கென்ன?"

"அங்க போனால், இந்த வயசில ஏனெண்டு ஆயிரம் கேள்வி வரும். சீனாக்காரர் கேக்கமாட்டினம்."

"நானும் அதைத்தான் கேக்கிறன். ஏன்?"

சிவமலர் அவருடைய சப்பாத்துக் கயிற்றைக் குனிந்து கட்டத் தொடங்கினாள். அவர் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

அவர் கோபத்துக்குக் காரணம் வகுப்பு மட்டுமில்லை. ஒரு தேத்தண்ணி போடக்கூட இப்போது அவள் அவரை அடுப்பங்கரைக்கு விடுவதில்லை. காரைத் திருத்தக் கொடுத்தது கோடையில். பனி கொட்டத் தொடங்கியும் கராஜ்காரன் இன்னும் தரவில்லையாம். "அவனிட்ட நான் ஒருக்காக் கதைக்கிறன்" என்றால், "பேந்து பாப்பம்" என்று தட்டிக் கழிக்கிறாள். இந்த வீட்டில் தனக்கு இனி வேலையே இல்லையென்று ஆக்கப் பார்க்கிறாளோ? வாய் அவளுக்கே வந்துவிட்டால், பிறகு அவர் எதற்கு?

பஸ்ஸிலும் அவருக்கு மனம் ஆறவில்லை.

"ஊரெல்லாம் என்ன கதைக்கும்? பெண்சாதிக்கு ஒரு வார்த்தை சொல்லிக் குடுக்கத் தெரியாதவன் எண்டெல்லோ கதைக்கும்."

"ஒருத்தரும் ஒண்டும் கதைக்கமாட்டினம். தொப்பியை இறக்கி விடுங்கோ, காது குளிருது."

"என்ர காது எனக்குத் தெரியும்."

வைத்தியரின் அறைக்குள் போனதும் அவருக்குப் பழைய தெம்பு வந்தது. இங்கே சீனாக்காரரும் இல்லை, தாளும் இல்லை, அவருடைய ஆங்கிலம்தான். வைத்தியர் ஓர் இளம் பெண். "எப்படி இருக்கிறீர்கள்?" என்று அவரைப் பார்த்துத்தான் கேட்டாள். மொழிபெயர்ப்பவரைப் பார்த்துப் பேசுவது வழக்கம்தானே.

"இவவுக்கு முழங்கால் நோ, டொக்டர். படி ஏறேலாது," என்று ஆங்கிலத்தில் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். சொல்லிவிட்டு மனைவியின் பக்கம் திரும்பித் தமிழில், "முழங்காலைப் பற்றிச் சொல்லிப்போட்டன். நீ பேசாமல் இரு," என்றார்.

வைத்தியர் முழங்காலைப் பார்க்கவில்லை. சிவமலரின் முகத்தைப் பார்த்தாள்.

சிவமலர் கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி எழுந்து நின்றாள். பேரின்பநாதன் அவளுடைய கையைப் பிடித்தார்.

"இரு, மலர். நான் இருக்கிறன்தானே."

அவள் இருக்கவில்லை. லின் சொல்லிக் கொடுத்த பணிவான விதத்தை விட்டுவிட்டு, தாளின் நடுவில் இருந்த அந்த அதட்டலான சொல்லையே எடுத்தாள். அவர் ஒருநாளும் அவள் வாயில் கேட்டிராத ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக வைத்துச் சொன்னாள்:

"எனக்கு வேணும், டொக்டர். இனி எல்லாவற்றையும் நீங்கள் என்னிடமே சொல்லவேணும். என் முழங்காலில் ஒரு நோவும் இல்லை. ஒவ்வொரு முறையும் இவருடைய மறதி நோயைப் பற்றி நீங்கள் இவரிடம்தான் சொல்லி அனுப்பினீர்கள். வீட்டுக்கு வருவதற்குள் இவர் அதையும் மறந்துவிட்டார்."