மதகு கேட்ட கேள்வி

கூட்டுப்பண்ணையைக் கலைத்தபோது நிலத்தை ஆளுக்கொரு துண்டாகவும் தண்ணீரைக் குடும்பத்துக்கு ஒரு முறையாகவும் பிரித்தார்கள். இரண்டு குடும்பமானால் இரண்டு முறை தண்ணீர் வரும், இரண்டு துண்டும் விளையட்டும் என்று செங்கமலமும் அறவாழியும் விவாகரத்து வாங்கிக்கொண்டு ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள்.

கதிர் வரும் சமயத்தில் செங்கமலத்துக்குக் காய்ச்சல். அவள் வயலுக்குத் தண்ணீர் திறக்க அறவாழி போனான். "செங்கமலத்துக்கு நீங்கள் என்ன உறவு?" என்று, ஆளை விசாரித்துத் திறக்கும் தானியங்கி மதகு கேட்டது.

திரும்பி வந்தவன் தலைகுனிந்து நின்றான். "புருஷன்னு சொல்லிட்டேன். இனிமே நமக்கு ஒரே முறைதான்."

"கூறுகெட்ட மனுஷா! பக்கத்து வயல்காரன்னு சொன்னாலும் திறந்திருக்குமே?"

"தெரியும் கமலம். சொல்ல வாய் வரல."

 அவள் எழுந்துபோய், பருப்பு டப்பாவில் ஒளித்து வைத்திருந்த தாலியை எடுத்து வந்தாள்.

"கட்டிவிடுங்க. என் வயல் காஞ்சா காயட்டும்."