தொடக் கூடாத செருப்பு

"போன வாரம் இந்த வரிசையிலேருந்து ஒரு ஜோடியை எவனோ அடிச்சுட்டுப் போயிட்டான். அன்னிக்கு இங்க நின்ன வாலண்டியரை அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிட்டோம். இடத்தை விட்டு நகரவே கூடாது. புரியுதாம்மா?"

"புரியுது சார்" என்றாள் டைப்பிஸ்டம்மா.

சூப்பர்வைசர் அடுத்த கூடத்துக்குப் போய்விட்டார். அவள் தன் பொறுப்பில் விடப்பட்ட கலைப்படைப்பைத் திரும்பிப் பார்த்தாள். சுவரில் பூட்டிய கதவு ஒன்று. அதன் முன்னால் தரையில் வரிசையாகப் பழைய செருப்புகள், ஷூக்கள். வார் அறுந்தது, குதிகால் தேய்ந்தது, சாயம் போனது. அவ்வளவுதான். 'வீட்டில் ஆள் இருக்கிறார்கள்' என்று தலைப்பு. தன் வீட்டு வாசலில் இப்படிக் கிடந்தால் விளக்குமாற்றால் தள்ளியிருப்பாள். நவீன கலை என்றால் சும்மாவா!

டைப்பிஸ்ட் வேலையிலிருந்து ரிட்டையர் ஆனதிலிருந்து வீட்டில் அவளுக்குச் சுவரைப் பார்க்கிற வேலைதான். மியூசியத்தில் தன்னார்வலராகச் சேரப்போகிறேன், முதல் நாள் வெள்ளோட்டம் என்றதும் கணவர் சிரித்தார்.

"சம்பளமில்லாத வேலைக்கு வெள்ளோட்டம் வேறயா? மத்தியானத்துக்குள்ள திருப்பி அனுப்பிடுவாங்க பாரு."

மகனும் கூடச் சேர்ந்து சிரித்தானே, அதுதான் வலித்தது. இன்று ஒருநாள் எப்படியாவது தேறிவிட வேண்டும். தேறாவிட்டால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்கள்.

மத்தியானம் நெருங்குகிற நேரத்தில் கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. கணவர். கட் செய்தாள். மறுபடி அதிர்ந்தது. மறுபடியும். மனுஷனுக்கு நெஞ்சு கிஞ்சு வலிக்கிறதோ? கூடத்துக்குள் போன் பேசக் கூடாது. ஓட்டமும் நடையுமாக மாடிப்படிப் பக்கம் போனாள்.

"என்னங்க, என்னாச்சு?"

"டி.வி. ரிமோட்டை எங்க வச்சே?"

பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி ஓடி வந்தாள். நல்லவேளை, சூப்பர்வைசர் கண்ணில் படவில்லை. செருப்புகள் இருந்தன. ஆனால் எல்லாமே இருக்கின்றனவா? காலையிலேயே ஒழுங்காகப் பார்த்து வைக்காமல் போனோமே என்று மனசு அடித்துக்கொண்டது.

காலணியோடு நுழையக் கூடாத, வெள்ளைக் கம்பளம் விரித்த பக்கத்து அறையிலிருந்து அப்போதுதான் அந்த ஆள் வெளியே வந்தார். நடுத்தர வயது. கசங்கிய சட்டை. மாட்டியிருந்த ஓவியங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே செருப்பு வரிசைக்கு வந்தார். பக்கத்திலிருந்த பலகையைப் படித்தார். முகம் ஒரு மாதிரி ஆனது. ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தார். ஒன்றும் தெரியாதவர் மாதிரி நைசாக நகர்ந்து போனார். மறுபடி வந்தார்.

டைப்பிஸ்டம்மா ஓர் அடி முன்னால் வந்தாள். முகத்தைப் பார்ப்பதா, கையைப் பார்ப்பதா? கைதானே திருடும்? கையையே பார்த்தாள்.

அந்தக் கை மெல்ல இறங்கி, வரிசைக் கோடியில் இருந்த பழுப்புச் செருப்பைத் தொட்டது.

"தொடாதீங்க!"

அவள் போட்ட கூச்சலில் கூடமே திரும்பியது.

"இல்லம்மா, இது வந்து..."

"என்ன வந்து? தொடக் கூடாதுன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கே, தெரியலை?"

சூப்பர்வைசர் ஓடி வந்தார். "என்னம்மா, என்ன விஷயம்?"

"செருப்பை எடுக்கப் பார்த்தார் சார். என் கண்ணால பார்த்தேன்."

"அப்படியில்லீங்க, இது..." என்று அவர் ஆரம்பித்தார்.

சூப்பர்வைசர் கை காட்டி அவரை நிறுத்திவிட்டு இவள் பக்கம் திரும்பினார். "நீங்க இடத்தை விட்டு எங்கயாவது நகர்ந்தீங்களா? உண்மையைச் சொல்லுங்க. நகர்ந்திருந்தா இப்பவே வீட்டுக்குக் கிளம்பலாம்."

"இ... இல்ல சார். இங்கயேதான் நின்னேன்."

பொய் சொல்லிப் பழக்கமில்லாத குரல் உடைந்தது. கழுத்தில் தொங்கிய புது அட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கை நடுங்கியது.

அந்த ஆள் நடுங்குகிற கையைப் பார்த்தார். 'பயிற்சி' என்று எழுதிய அட்டையைப் பார்த்தார். வாய் வரை வந்த எதையோ விழுங்கினார்.

"அவங்க நகரவே இல்லீங்க. தப்பு என் மேலதான். சும்மா ஒரு ஆசையில கையை வச்சுட்டேன். மன்னிச்சுக்கங்க."

"பார்த்தா பெரிய மனுஷன் மாதிரி இருக்கீங்க, வெக்கமா இல்ல? முதல்ல இடத்தைக் காலி பண்ணுங்க!" என்று சீறினார் சூப்பர்வைசர்.

வேடிக்கை பார்த்தவர்கள் ஒதுங்கி வழிவிட, அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியேறினார்.

சூப்பர்வைசர் முகத்தில் காலையிலிருந்து காணாத சிரிப்பு. "பலே! கழுகுக் கண்ணும்மா உங்களுக்கு. வெள்ளோட்டமெல்லாம் போதும், இனிமே நீங்க எங்க ஆளு."

அவளுக்கு உச்சி குளிர்ந்தது. வீட்டுக்குப் போய் இதை எப்படியெல்லாம் விவரித்துச் சொல்லலாம், ரிமோட் மனுஷர் எப்படி வாயடைத்துப் போவார் என்று நினைத்தபடியே கண்ணாடிச் சுவர் பக்கம் திரும்பினாள்.

வெளியே உச்சி வெயிலில் கொதிக்கிற கல்தரையில் அந்த ஆள் போய்க்கொண்டிருந்தார். நாலு எட்டு வைப்பார், ஒரு காலைத் தூக்கி இன்னொரு காலில் தேய்ப்பார், குதிப்பார், மர நிழலைப் பார்த்து ஓடுவார்.

அப்போதுதான் அவள் அவருடைய காலைப் பார்த்தாள்.

சட்டென்று குனிந்து அந்தப் பழுப்பு ஜோடியை வாரி எடுத்தாள்.

"ஏம்மா, உங்களுக்கென்ன பைத்தியமா? கீழ வைங்க!" என்று அலறினார் சூப்பர்வைசர்.

"நான் நகர்ந்தேன் சார்! இது அவரோட செருப்பு சார்!" என்று கத்திக்கொண்டே வாசலைப் பார்த்து ஓடினாள் டைப்பிஸ்டம்மா.